மண்ணும் குருதியும்: பிறப்புவழிக் குடியுரிமையும் அமெரிக்கத் தமிழரும்

முன்னுரை

ஒரு குழந்தை எந்நாட்டுக்கு உரியது என்பதைத் தீர்மானிக்க உலக அரசுகள் இரு நெறிகளைக் கையாண்டு வந்துள்ளன. பிறந்த மண்ணைக் கொண்டு குடியுரிமை வழங்குவது ஒன்று. பெற்றோர் வழியைக் கொண்டு வழங்குவது மற்றொன்று. முன்னதை மண்வழி நெறி என்றும் பின்னதைக் குருதிவழி நெறி என்றும் குறிக்கலாம். இருபதாம் நூற்றாண்டில் தமிழர்கள் இவ்விரு நெறிகளின் பயனையும் கேட்டையும் நேரில் கண்டவர்கள். எந்நெறி பின்பற்றப்படுகிறது என்பதோடு, அந்நெறி சாதாரணச் சட்டத்தில் உள்ளதா, அரசமைப்பிலேயே உள்ளதா என்பதும் அவ்வுரிமையின் உறுதியைத் தீர்மானிக்கிறது என்பதை இக்கட்டுரை நிறுவ முற்படுகிறது.

பதினான்காம் திருத்தம்

தொடக்கத்தில் அமெரிக்க அரசமைப்பு குடிமகன் யார் என்று வரையறுக்கவில்லை. 1857இல் ட்ரெட் ஸ்காட் வழக்கில், ஆப்பிரிக்க வழியினர் அந்நாட்டின் குடிமக்கள் ஆக இயலாது என உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. உள்நாட்டுப் போருக்குப் பின், 1868 ஜூலை 9 அன்று ஏற்புப் பெற்ற பதினான்காம் திருத்தம் அத்தீர்ப்பை மாற்றியது. அமெரிக்க மண்ணில் பிறந்து அதன் ஆட்சி வரம்புக்கு உட்பட்ட அனைவரும் குடிமக்கள் என்பது அதன் சாரம்.

இவ்விதியின் எல்லை வளைகுடாப் பகுதியில்தான் சோதிக்கப்பட்டது. சான் பிரான்சிஸ்கோவில் சீனப் பெற்றோருக்குப் பிறந்த வாங் கிம் ஆர்க், 1895இல் சீனா சென்று திரும்பியபோது கரையிறங்க அனுமதி மறுக்கப்பட்டார். சீனரை விலக்கும் 1882ஆம் ஆண்டுச் சட்டப்படி அவருடைய பெற்றோர் அமெரிக்கக் குடிமக்களாக இயலாது. ஆயினும் அவர் பிறப்பால் குடிமகனே என 1898 மார்ச் 28 அன்று உச்ச நீதிமன்றம் அறிவித்தது. அயல்நாட்டுத் தூதர்களின் பிள்ளைகள் போன்ற சில விலக்குகளே ஏற்கப்பட்டன.

சட்டத்தால் வந்ததும் சட்டத்தால் போனதும்

அயல்நாட்டில் பிறந்தோருக்குக் குடியுரிமை வழங்கும் விதிகளை வகுக்கும் அதிகாரம் காங்கிரசுக்கு உரியது. 1790ஆம் ஆண்டுச் சட்டம் அவ்வாய்ப்பை வெள்ளையருக்கு மட்டும் அளித்தது. 1870இல் ஆப்பிரிக்க வழியினர் சேர்க்கப்பட்டனர். முதல் உலகப் போரில் அமெரிக்கப் படையில் பணியாற்றிய பகத் சிங் திந்தின் குடியுரிமையை எதிர்த்து அமெரிக்க அரசு தொடுத்த வழக்கில், இந்தியர் இச்சட்டம் கூறும் வெள்ளையர் ஆகார் என 1923இல் உச்ச நீதிமன்றம் முடிவு செய்தது. அதன்பின் ஏற்கெனவே வழங்கப்பட்ட குடியுரிமைகளும் பறிக்கப்பட்டன. 1921இல் குடியுரிமை பெற்றிருந்த சான் பிரான்சிஸ்கோ வணிகர் வைஷ்ணோ தாஸ் பகாய் அதனை இழந்து, 1928இல் தம் உயிரை மாய்த்துக்கொண்டார்.

1946 ஜூலை 2 அன்று ஒப்பமிடப்பட்ட லூஸ்–செல்லர் சட்டம் இந்தியருக்குக் குடியுரிமை பெறும் வாய்ப்பையும் ஆண்டுக்கு 100 பேர் குடியேறும் ஒதுக்கீட்டையும் தந்தது. 1952இல் இனத்தடை முற்றிலும் நீங்கியது. 1965ஆம் ஆண்டுச் சட்டம் நாடுவாரிப் பழைய ஒதுக்கீட்டை ஒழித்து, தமிழ்நாட்டு மருத்துவர், பொறியாளர் வருகைக்கு வழி திறந்தது. ஆக, பெற்றோரின் உரிமை காங்கிரசின் மனப்போக்குக்கேற்ப ஏறியும் இறங்கியும் வந்தது. அவர்கள் அங்கு பெற்ற பிள்ளைகளின் உரிமையோ அரசமைப்பில் இருந்ததால் மாறவில்லை.

1964 அக்டோபர்: ஓக்லாந்தும் மலையகமும்

சென்னையில் பிறந்த சியாமளா கோபாலன் 1958இல் பெர்க்லி பல்கலைக்கழகத்துக்கு மாணவியாகச் சென்றார். அவருக்கும் ஜமைக்காவிலிருந்து வந்த டொனால்ட் ஹாரிஸுக்கும் 1964 அக்டோபர் 20 அன்று ஓக்லாந்தில் கமலா பிறந்தார். பெற்றோர் இருவரும் அப்போது அமெரிக்கக் குடிமக்கள் அல்லர். குழந்தை பிறந்த கணத்திலேயே குடிமகள் ஆனது. பின்னாளில் நாட்டின் துணைக் குடியரசுத் தலைவராகவும் உயர்ந்தது.

பத்து நாள் கழித்து, அக்டோபர் 30 அன்று சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தானது. இலங்கையிலேயே பிறந்தோர் உட்பட ஏறத்தாழ 9,75,000 மலையகத் தமிழரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கும் 3,00,000 பேர் இலங்கைக்கும் என்று எண்ணிக்கையால் பங்கிடப்பட்டனர். எஞ்சிய 1,50,000 பேரின் நிலை பின்னைய பேச்சுக்கு விடப்பட்டது. இதற்கு மூலம் 1948ஆம் ஆண்டின் 18ஆம் எண் குடியுரிமைச் சட்டம். அது குருதிவழி நெறியைக் கொண்டது. சோல்பரி அரசமைப்பின் 29ஆம் பிரிவு இனப் பாகுபாட்டைத் தடுக்கும் என்று நம்பி கோடகன் பிள்ளை தொடுத்த வழக்கை, இலண்டன் பிரிவிக் கவுன்சில் 1953இல் ஏற்க மறுத்தது. குடியுரிமை யாருக்கு என்பதை இலங்கை அரசமைப்பு கூறாததால், நாடாளுமன்றத்தின் சாதாரணப் பெரும்பான்மையே அதற்குப் போதுமானதாயிற்று. இந்தியாவிலும் 1955ஆம் ஆண்டுச் சட்டம் வழங்கிய மண்வழி உரிமை, சட்டத் திருத்தங்களால் 1987இலும் 2004இலும் சுருக்கப்பட்டது.

நியூ ஜெர்சியும் டெக்சஸும்

அமெரிக்காவில் அரசமைப்பைத் திருத்த, காங்கிரசின் ஈரவைகளிலும் மூன்றில் இரு பங்கு ஆதரவும் 50 மாநிலங்களுள் 38இன் ஏற்பும் வேண்டும். 2025 ஜனவரி 20 அன்று வெளியான குடியரசுத் தலைவர் ஆணையோ, பதினான்காம் திருத்தத்தின் சொற்களுக்குப் புதுப்பொருள் கூறியது. தாய் தற்காலிக விசாவில் இருந்து, தந்தை குடிமகனாகவோ நிரந்தரக் குடியிருப்பாளராகவோ இல்லையெனில், பிறக்கும் குழந்தைக்குக் குடியுரிமை இல்லை என்றது அது. எச்-1பி, எச்-4 விசாக்களில் எடிசனிலும் ஃப்ரீமாண்டிலும் ஃப்ரிஸ்கோவிலும் வாழும் தமிழ்க் குடும்பங்களை இது நேரே தொட்டது. பணிவழி நிரந்தரக் குடியுரிமை அட்டைகளில் ஒரு நாட்டவர்க்கு 7 விழுக்காடு என்ற வரம்பு இருப்பதால், இந்தியர் பல்லாண்டு காத்திருக்கின்றனர். மறுநாளே நியூ ஜெர்சி பிற மாநிலங்களோடு சேர்ந்து வழக்குத் தொடுத்தது. கீழமை நீதிமன்றங்கள் ஆணையைத் தடுத்து வைத்தன. 2025 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் இப்பொருளை விசாரணைக்கு ஏற்றது.

டெக்சஸ் மற்றொரு பாடம் தருகிறது. அங்குள்ள டைலர் நகரிலிருந்து எழுந்த பிளைலர் வழக்கில், ஆவணமற்ற குழந்தைகளுக்கும் இலவசப் பள்ளிக் கல்வி மறுக்கப்படலாகாது என 1982இல் தீர்ப்பாயிற்று. சமப் பாதுகாப்பு விதி ‘குடிமகன்’ என்னாது ‘எந்த மனிதரும்’ என்றே பேசுவது அதற்கு அடிப்படை. எனினும் இப்பாதுகாப்பு வாழ்நாள் முழுதும் தொடர்வதில்லை. சென்னையில் பிறந்து கைக்குழந்தையாக டெக்சஸ் வந்த அக்காள், 21 வயதில் பெற்றோரைச் சார்ந்த விசாத் தகுதியை இழக்கிறாள். அங்கேயே பிறந்த தம்பி 18 வயதில் வாக்களிக்கிறான். ஒரே கூரையின்கீழ் இரு சட்டநிலைகள் நிலவுகின்றன.

முடிவுரை

உரிமையோடு கடமையும் வருகிறது. கூட்டாட்சித் தேர்தலில் வாக்களிப்பதும் நடுவர் குழுவில் அமர்வதும் குடிமக்களுக்கே உரியவை. வரி செலுத்துதல் அனைவர்க்கும் பொது. அமெரிக்க உறுதிமொழி ஏற்பவர் 1955ஆம் ஆண்டுச் சட்டப்படி இந்தியக் குடியுரிமையை இழக்கிறார். வெளிநாடுவாழ் இந்தியக் குடியுரிமை அட்டை அவருக்கு இந்தியாவில் வாக்குரிமை தருவதில்லை. ஆகவே அவருடைய அரசியல் குரல் புகுந்த மண்ணில் மட்டுமே ஒலிக்கக்கூடியது. அரசமைப்பின் சொற்களுக்குப் பொருள் காணும் வழக்குகளிலும் தேர்தல்களிலும் அக்குரலைப் பயன்படுத்துவது அவர்தம் கடமையாகிறது. மலையகத் தமிழர் 1948இல் இழந்ததை முழுமையாக மீட்க 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரை காத்திருக்க நேர்ந்தது. சாதாரணச் சட்டத்தால் பறிபோன உரிமையை மீட்க அரை நூற்றாண்டுக்கு மேல் ஆகலாம் என்பதே அமெரிக்கத் தமிழருக்கு அவ்வரலாறு விடுக்கும் எச்சரிக்கை.