மிசோரம்

மியான்மருக்கும் வங்கதேசத்துக்கும் நடுவே உள்ள இந்திய மலை மாநிலம். பரப்பு சுமார் 21,000 சதுர கிலோமீட்டர். 2011 கணக்கெடுப்பில் மக்கள்தொகை ஏறக்குறைய 11 லட்சம். மலைத்தொடர்கள் வடக்கு தெற்காக ஓடுகின்றன. உயரமான சிகரம் பௌங்புய் (2,157 மீட்டர்). சமவெளி அரிதென்பதால் தலைநகர் ஐஸ்வால் உட்படப் பல ஊர்கள் மலைமுகடுகளிலேயே வளர்ந்தன.

மிசோக்கள் பெரும்பான்மையினர், தெற்கில் லாய், மாரா, சக்மா மக்களுக்குத் தன்னாட்சி மன்றங்கள் உண்டு. லுஷாய் மலை எனப்பட்ட இப்பகுதி 1890 வாக்கில் ஆங்கிலேயர் வசமானது. 1894இல் வந்த லோரெய்ன், சாவிட்ஜ் என்ற மிஷனரிகள் மிசோ மொழிக்கு ரோமன் எழுத்தை அமைத்தனர். கிறித்தவமும் பள்ளிக்கூடமும் சேர்ந்தே பரவின. 2011இல் எழுத்தறிவு 91 விழுக்காட்டைத் தாண்டியது. மாநிலங்களில் கேரளத்துக்கு அடுத்த இடம்.

இம்மாநிலத்தின் அரசியலை மூங்கிலை விட்டுவிட்டுப் பேச முடியாது. இங்கு மண்டிக் கிடக்கும் மௌதாக் மூங்கில் ஏறத்தாழ 48 ஆண்டுக்கு ஒருமுறை ஒட்டுமொத்தமாகப் பூத்துக் காய்த்து மடியும். காய்களைத் தின்று எலிகள் பெருகும். காய் தீர்ந்ததும் வயலுக்குள் இறங்கும். பிறகு பஞ்சம். ‘மௌதாம்’ எனப்படும் இது வரப்போவதை 1958இலேயே மாவட்ட மன்றம் எச்சரித்தும், அப்போது இப்பகுதியை ஆண்ட அசாம் அரசு பொருட்படுத்தவில்லை. 1959இல் பஞ்சம் வந்தது. நிவாரணத்துக்காகப் பிறந்த அமைப்பு, 1961இல் லால்தெங்கா தலைமையில் மிசோ தேசிய முன்னணி ஆயிற்று. 1966 மார்ச்சில் அது விடுதலைப் பிரகடனம் செய்தபோது, ஐஸ்வால் மீது இந்திய விமானப்படையே குண்டு வீசியது. அடுத்த ஆண்டு முதல் கிராமங்கள் காலிசெய்யப்பட்டு, நெடுஞ்சாலையோரம் ராணுவக் காவலில் மக்கள் குடியமர்த்தப்பட்டனர். பழைய புனக்காடுகள் கைவிட்டுப்போயின.

1972இல் ஒன்றியப் பகுதி. 1986 ஜூன் 30இல் மத்திய அரசுக்கும் முன்னணிக்கும் இடையே சமாதான ஒப்பந்தம். 1987 பிப்ரவரி 20இல் மாநிலம். கிளர்ச்சித் தலைவரே முதலமைச்சராகி, 1988இல் கட்சித் தாவலால் பெரும்பான்மையும் பதவியும் இழந்தார். ஒப்பந்தம் நிலைத்தது; இந்தியாவில் இப்படி நிலைத்தவை அதிகமில்லை.

பொருளாதாரம் இன்னும் மெலிந்ததே. காட்டை வெட்டி எரித்துப் பயிரிடும் ஜூம் வேளாண்மை குறைந்துவருகிறது. இஞ்சியும் மூங்கிலும் விற்பனைக்குச் செல்கின்றன. ஆலைகள் சொற்பம், அரசு வேலையும் மத்திய நிதியுமே பெரிய தாங்கல். ஐஸ்வால் சந்தைகளில் கடை நடத்துவோர் பெரும்பாலும் பெண்கள். 2007 வாக்கில் மூங்கில் மீண்டும் பூத்தபோது, எலிவால் கொண்டுவந்தவர்களுக்கு அரசு பணம் கொடுத்தது. 2025 செப்டம்பரில் பைராபி–சாய்ராங் பாதை திறக்கப்பட்ட பிறகே ரயில் தலைநகருக்கு அருகே வந்து சேர்ந்தது.