சுயம்பிரபையின் பிலமும் பத்துமலையின் கூரைத் திறப்பும்

சீதையைத் தேடிச் சென்ற வானரர் நுழைந்த பிலம் எனும் குகை கவிஞர் புனைந்த மாயநகர் மட்டுமே என்பது ஒரு தரப்பு. கடையநல்லூரை அடுத்த கிருஷ்ணாபுரமே அந்த இடம் என்பது தலமரபை நம்பும் இன்னொரு தரப்பு. முன்னது நிலத்தையே கைவிடுகிறது. பின்னது பொருந்தாத பாறையைப் பற்றிக்கொள்கிறது. வான்மீகியின் கிட்கிந்தா காண்டம் 50ஆம் சர்க்கத்தில் வரும் பறவைகளை இரு தரப்பும் போதிய அளவு விசாரிக்கவில்லை.

தாகத்தால் தவிக்கும் வானரர் கண்முன் அன்னம், அன்றில், சாரசம், சக்கரவாகம் ஆகியவை பிலத்திலிருந்து வெளிவருகின்றன. அவற்றின் உடல் நனைந்திருக்கிறது. தாமரை மகரந்தம் படிந்து சிவந்திருக்கிறது. வாயிலில் மரங்கள் செழித்து நிற்கின்றன. உள்ளே நீர் இருக்கவேண்டும் என்று அனுமன் முடிவுசெய்கிறான். ஒருவரை ஒருவர் பற்றியபடி இருளில் ஒரு யோசனை தூரம் நடந்தபிறகே ஒளி தென்படுகிறது.

இந்தப் பகுதியை 'குகைக்குள் ஊற்று' என்று சுருக்கிவிடுவது வழக்கம். அது போதாது. தாமரை பூக்க வெயில் வேண்டும். நீர்ப்பறவை மேய வெளிச்சம் வேண்டும். அப்படியானால் கவிஞர் காட்டுவது முடிவில்லாத இருட்டறை அன்று. முதலில் இருண்ட வழி, அதற்கப்பால் வானம் பார்த்த நீர்நிலை. இந்த அமைப்பு பெரும்பாலும் சுண்ணாம்புக்கல் மலைக்கு உரியது. கரியமிலவாயு கலந்த மழைநீர் கல்லைக் கரைத்து வழி குடைகிறது. கூரை மெலிந்து இடியும்போது மலையின் நடுவே ஒரு முற்றம் திறக்கிறது. தென் தமிழகத்தின் கெட்டிப்பாறை அப்படிக் கரைவதில்லை.

இதை நேரில் ஒப்பிட, மலேசியாவில் கோலா சிலாங்கூர் மாவட்டத்து அசாம் ஜாவா வட்டாரத்தார் நெடுந்தொலைவு போகவேண்டியதில்லை. கோலா சிலாங்கூர்ச் சமவெளியில் குகை கிடையாது. தைப்பூசத்துக்கு அவர்கள் போகும் பத்துமலையோ சுமார் 40 கோடி ஆண்டுப் பழமையான சுண்ணாம்புக்கல். 272 படி ஏறி, நிழல் கவிந்த பெருங்குகையைக் கடந்து உட்படிகளில் ஏறினால், கூரை திறந்து வானம் தெரிகிறது. பாறைச் சுவரில் பசுமை தொங்குகிறது. அங்கும் வானரங்களுக்குக் குறைவில்லை.

மகரந்தத்துக்கும் அங்கே ஓர் இணை உண்டு. பத்துமலையில் தங்கும் தேனுண்ணி வௌவால்கள் 30 கிலோமீட்டருக்கும் அப்பாலுள்ள கடலோரச் சொனரேஷியா மரங்கள்வரை இரைதேடிப் போவதை 1970களின் ஆய்வுகள் காட்டின. கோலா சிலாங்கூர் ஆற்றங்கரையில் மின்மினிகள் மொய்க்கும் பெரெம்பாங் மரம் அந்தப் பேரினத்தைச் சேர்ந்ததே. பூந்தாது சுமந்த உயிர்கள் குகை வாயிலில் வந்துபோவது உலகில் நடப்பதுதான்.

வான்மீகி மலாயாவைக் கண்டார் என்று இதற்குப் பொருளில்லை. பத்துமலை ஒப்புமைக்கு மட்டுமே. மூலநிலத்தைக் காவியம் சுட்டும் விந்தியத்தில் தேடுவதே முறை; விந்தியப் பாறைத் தொகுதியில் சுண்ணாம்புக்கல் அடுக்குகள் உள்ளன, பீகாரின் ரோத்தாஸ் மாவட்டத்துக் குப்தாதாம் குகை அத்தகையது. அது கிழக்கே இருக்கிறது, காவியமோ மலையின் தென்மேற்குக் கோடியைச் சொல்கிறது. ஆகவே குறிப்பிட்ட ஒரு குகையை அடையாளம் காட்டுவது இப்போதைக்கு இயலாது; பாறையின் வகையைச் சொல்லலாம்.

பிலத்தினுள் காவியம் காட்டும் பொன்மரமும் அசுரச் சிற்பி மயன் கட்டிய மாளிகையும் எந்தக் குகையில் இருக்கின்றன என்ற மறுப்பு வலுவற்றது. அற்புதம் கவிஞருடையது, அதைத் தாங்கும் தரை நிலத்துடையது.

கம்பரிடம் முடிவு மாறுகிறது. வான்மீகியில் வானரர் கண்மூடி நிற்க, பிலத்தைக் காக்கும் தவப்பெண் சுயம்பிரபை அவர்களை வெளியே சேர்க்கிறாள். கம்பரில் அனுமன் பேருருக்கொண்டு பிலத்தைப் பிளக்கிறான். இதை வீரமிகை என்று மட்டும் படித்துவருகிறார்கள். முன்பே கூரை திறந்த குகைக்கு இந்தப் பிளப்பு தேவையில்லை; முழுதும் மூடிய கெட்டிப்பாறைக் குகைக்கே தேவை. வான்மீகியின் பிலத்தைக் கம்பர் தமிழ்நாட்டுப் பாறைக்கு மாற்றியமைத்தார் என்று கொள்ள இடமுண்டு. அவ்வாறாயின் கிருஷ்ணாபுரத் தலமரபு கம்பர் காட்டும் குகைக்கு நெருங்கியதாகலாம். வான்மீகியின் பிலத்துக்கு அதைச் சான்றாக வைக்க முடியாது.