நொக்ஸ் சுமந்த மூட்டை: 1679ஆம் ஆண்டு வனப்பயணம் பற்றிய ஒரு நோக்கு

பயணிகளின் குறிப்புகளை வரலாற்றுச் சான்றுகளாகக் கொள்வோர் அவர்கள் சென்ற வழியையும் கண்ட காட்சிகளையுமே பெரிதும் ஆராய்வர். அவர்கள் தோளிற் சுமந்து சென்ற பொருள்களை ஆராய்வது அரிது. ஆயினும் காட்டினூடே கால்நடையாகச் செல்லும் ஒருவர் எவற்றை எடுத்துக்கொண்டார், எவற்றை விடுத்தார் என்பது, தாம் கடக்கவிருக்கும் நிலத்தை அவர் எத்துணை அறிந்திருந்தார் என்பதைக் காட்டும் அளவுகோலாகும். சுமை குறைவது துணிவினால் மட்டுமன்று. அறிவினாலேயே அது குறைகின்றது. இவ்வுண்மையை விளக்கும் சிறந்த சான்றொன்று இலங்கை வரலாற்றில் உண்டு. அதுவே றொபேட் நொக்ஸ், ஸ்ரீபன் றட்லண்ட் என்னும் ஆங்கிலேயர் இருவர் 1679ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்தில் அநுராதபுரத்திலிருந்து அரிப்புக் கோட்டை வரை மேற்கொண்ட பயணமாகும்.

நொக்ஸின் தந்தையார் தலைமை தாங்கிய ஆன் என்னும் கப்பல் புயலிற் பாய்மரத்தை இழந்து, அதனைச் செப்பனிடும் பொருட்டுத் திருகோணமலைக்கு அண்மையிலுள்ள கொட்டியாரக் குடாவை அடைந்தது. 1660ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் அங்கு தந்தையும் மகனும் மாலுமிகள் சிலரும் கண்டி மன்னன் இரண்டாம் இராசசிங்கனின் ஆட்களாற் பிடிக்கப்பட்டனர். அப்பொழுது நொக்ஸுக்கு வயது பத்தொன்பது. அடுத்த ஆண்டின் தொடக்கத்தில் தந்தையார் நோயுற்று இறந்தார். கைதிகள் விலங்கிடப்படவில்லை, மலைநாட்டுக் கிராமங்களிற் பிரித்துக் குடியமர்த்தப்பட்டனர். நொக்ஸ் தொப்பி பின்னியும், நெல்லைக் கடனாகக் கொடுத்து வட்டி பெற்றும், சில்லறை வாணிகம் செய்தும் வாழ்ந்தார்.

தப்பிச் செல்வதற்கு அவருக்குத் துணையாயமைந்தது இவ்வாணிகமே. புகையிலை, மிளகு, உள்ளி, சீப்பு, இரும்புச் சாமான் ஆகியவற்றைச் சுமந்துகொண்டு, நொக்ஸும் றட்லண்டும் பல ஆண்டுகளாக வடக்கே தாழ்நிலக் கிராமங்களுக்குச் சென்று மீண்டனர். அப்பகுதியில் மக்கள் தொகை குறைவு. ஒல்லாந்தரின் ஆட்சியெல்லையும் அப்பக்கத்திலேயே இருந்தது. வறட்சியும் காய்ச்சலும் ஆண்டுக்கணக்கில் முயற்சியைத் தடை செய்தன. எனினும் அவ்வாண்டுகள் வீணாயின எனக் கூறுதல் பொருந்தாது. எந்த ஊரில் நீருண்டு, எவ்வழியிற் காவலுண்டு என்பனவற்றை அவர்கள் அறிந்தது அக்காலத்திலேயாம். வணிகனின் மூட்டை இங்கு ஒரு வேடமாகவும் அமைந்தது. மூட்டை சுமந்த அந்நியரைக் கண்ட கிராமத்தவர் அவர்கள் வந்த காரணத்தைத் தாமே ஊகித்துக்கொண்டனர்.

1679ஆம் ஆண்டு செப்ரெம்பர் 22ஆம் நாள் இருவரும் எலதெத்தவிலிருந்து இறுதியாகப் புறப்பட்டனர். தப்பியோடும் நாள்களில் நிலவொளி கிடைக்க வேண்டுமென்பதற்காகத் தேய்பிறையின் முடிவில் புறப்பாடு அமைக்கப்பட்டது. நொக்ஸ் விட்டுச் சென்றவை யாவை என்பதும் ஈண்டு நோக்கத்தக்கது. வீடு, தோட்டம், கடனாகக் கொடுத்த நெல், தாம் வளர்த்து வந்த சிறுமி ஆகிய யாவும் அங்கேயே இருந்தன. மீண்டு வருபவர் போலத் தோன்ற வேண்டுமாயின் எதனையும் எடுத்துச் செல்லல் ஆகாது. இலகுவான சுமை என்பது இவருக்கு வசதியன்று. அது பத்தொன்பது ஆண்டு வாழ்வு முழுவதையும் துறப்பதாக இருந்தது.

அநுராதபுரத்தில் உலர்ந்த மான் இறைச்சி வாங்க வந்தவர்கள் போல மூன்று நாள் தங்கிய பின்னர், ஒக்டோபர் 12ஆம் நாள் ஞாயிற்றுக்கிழமை அவர்கள் காட்டினுட் புகுந்தனர். அவ்வேளை தம்மிடமிருந்த பொருள்களை நொக்ஸ் தமது நூலில் ஒவ்வொன்றாகக் குறிப்பிடுகின்றார். பத்து நாள்களுக்கான அரிசி, இறைச்சி, மீன், மிளகு, உப்பு, வீட்டிலிருந்து கொண்டுவந்த சர்க்கரைக்கட்டியும் இனிப்புப் பண்டமும், சமைப்பதற்கு ஒரு பாத்திரம், நீர் மொள்ளச் சுரைக்குடுவை இரண்டு, மழையில் ஒதுங்கித் துயிலப் பெரிய தாளிப்பனை ஓலை இரண்டு, புகையிலையும் வெற்றிலையும், தீமூட்டும் கருவிப் பெட்டிகள் இரண்டு மூன்று, காலணி செய்துகொள்ள ஒரு மான்தோல், இவற்றோடு ஒவ்வொருவர் கையிலும் நீண்ட தடியிற் பிணைத்த சிறு கோடரியும் இடையிற் கத்தியும். இவ்வளவே.

இப்பட்டியலைக் கூர்ந்து நோக்குமிடத்துச் சில உண்மைகள் புலனாகின்றன. முதலாவதாக, குடுவையும் ஓலையும் ஆளுக்கொன்றாக அமைய, தீமூட்டும் பெட்டிகளோ ஒன்று பழுதுபட்டால் மற்றொன்று உதவுமென்னும் கருத்தில் மிகையாக எடுக்கப்பட்டன. தீயின்றேல் அரிசி வெறும் பாரமாகும். இரவில் விலங்குகளை அகற்றும் வழியும் இல்லையாகும். இரண்டாவதாக, மான்தோல் காலணியாகத் தைக்கப்படாது தோலாகவே எடுக்கப்பட்டது. முட்கள் மிகுந்த இடத்தில் தேவைக்கேற்ப அதனைப் பயன்படுத்தலாம். கடவுளுக்கு அடுத்தபடியாகத் தம் கால்களையே அவர்கள் நம்பியிருந்தமையை நொக்ஸே கூறுகின்றார். மூன்றாவதாக, கோடரியும் கத்தியும் புலியையும் கரடியையும் எதிர்க்கப் போதுமானவை எனக் கொள்ளப்பட்டன. யானைக்கு எதிராக எதுவும் எடுக்கப்படவில்லை. ஓடுதலே அதற்கு வழியென அவர்கள் அறிந்திருந்தனர். பயன்படாத கருவியைச் சுமவாமையும் அறிவின்பாற்பட்டதேயாம்.

இவற்றினும் முக்கியமானது பிறிதொன்றாகும். இம்மூட்டையில் ஆங்கில நாட்டுப் பொருளென்று சொல்லத்தக்கது ஏறக்குறைய எதுவுமில்லை. தாளிப்பனை ஓலையைப் பற்றி நொக்ஸ் வேறோரிடத்தில் விரிவாக எழுதியுள்ளார். விரித்தால் பதினைந்து இருபது பேரை மூடவல்ல ஓர் ஓலை, விசிறிபோல மடக்கினால் ஓர் ஆளின் கையளவாகச் சுருங்கும். பாரமும் மிகக் குறைவு. கண்டியரசின் போர்வீரர் தத்தம் உணவையும் சமையற் பாத்திரத்தையும் இவ்வோலையையும் தாமே சுமந்து சென்றனர் என்பதும் அவர் நூலால் அறியப்படும். அவ்வகையில், கைதிகள் இருவரும் காட்டைக் கடந்தது தம்மைச் சிறைப்படுத்திய நாட்டின் மக்கள் நெடுங்காலமாகக் கையாண்ட பயணமுறையினாலேயே எனலாம். தனியொருவரின் மதிநுட்பமெனத் தோன்றுவது உண்மையில் ஒரு சமூகத்தின் சேமிப்பாகும். பெயரறியாத அக்கிராமத்தவருக்கும் இவ்விடுதலையில் பங்குண்டு.

மூட்டையிற் கொண்டுசெல்ல இயலாத பொருளொன்றும் இருந்தது. அது மொழி. அநுராதபுரப் பகுதியில் வாழ்ந்தோர் கண்டியரசின் குடிகளாயினும் தமிழராய் இருந்தனர். சிங்களத்தில் நொக்ஸ் பேசியதை அவர்கள் விளங்கிக்கொள்ளவில்லை. பத்தொன்பது ஆண்டுகளிற் கற்ற மொழி அவ்விடத்துப் பயனற்றுப் போயிற்று. மல்வத்து ஓயாவின் கரை வழியே, வன்னித் தலைவர் ஆட்சிக்குட்பட்ட தமிழ் நிலத்தினூடு செல்கையில் அவர்களது அச்சம் பெருகியது. அங்குள்ளோர் தம்மைப் பிடித்து மன்னனிடம் ஒப்படைப்பர் என அவர்கள் அஞ்சினர். ஆயினும் வழியில் எதிர்ப்பட்டோர் அவர்களுக்குத் தீங்கிழைக்கவில்லை. கீழ்ப்பகுதியில் அருவியாறு என வழங்கும் அவ்வாற்றைத் தொடர்ந்து சென்று, ஒக்டோபர் 18ஆம் நாள் சனிக்கிழமை பிற்பகலில் ஒல்லாந்தரின் அரிப்புக் கோட்டையை அடைந்தனர். பத்து நாளுக்கென எடுத்த உணவு ஏழாம் நாளிலும் மிகுதியாக இருக்கத்தக்க வகையில் அவர்களது கணிப்பு அமைந்திருந்தது.

மன்னாரும் கொழும்பும் கடந்து, பத்தாவியா வழியாக 1680ஆம் ஆண்டு நொக்ஸ் லண்டனை அடைந்தார். அடுத்த ஆண்டு அவரது நூல் வெளிவந்தது. பதினேழாம் நூற்றாண்டுக் கண்டியரசின் ஆட்சிமுறை, நிலவுடைமை, சமயம், வழக்காறு ஆகியவற்றை அறிய அந்நூல் இன்றியமையாததாகக் கொள்ளப்படுகின்றது. அதன் ஒரு பக்கத்தில் அடங்கும் மூட்டைப் பட்டியலும் அத்தகைய மதிப்புடையதேயாகும். அரண்மனையின் வரலாற்றைக் கல்வெட்டுகள் கூறும்; வழிநடந்தோரின் வரலாற்றை அவர்தம் சுரைக்குடுவையும் ஓலையுமே கூற வேண்டும். அவை மட்கிப் போகும் பொருள்களாதலின் அகழ்வாய்விற் கிடைப்பதும் அரிது. நொக்ஸ் அவற்றை எழுதி வைத்தமையாலேயே அக்கால வழிப்போக்கரின் வாழ்வில் ஒரு கூறு நமக்குக் கிட்டியுள்ளது.