பூட்டிக் கிடந்த விடுதிகள்: பெருந்தொற்றுக் கால மாணவர் வரலாற்றுக்குச் சில குறிப்புகள்

கொரோனா காலத்துக் கல்வி பற்றி ஆய்வேடுகள் வந்து குவிகின்றன. 'இணையவழிக் கற்றலில் மாணவர் மனப்பான்மை' என்று தலைப்பு வைத்து, வினாநிரல் கொடுத்து, சதவீதம் போட்டு, முனைவர் பட்டம் வாங்கிவிடுகிறார்கள். அந்த வினாநிரலையும் பெரும்பாலும் செல்போனில்தான் அனுப்புகிறார்கள். போன் இல்லாதவன் என்ன பதில் சொல்லுவான்? அவன் கணக்கிலேயே வரமாட்டான். கணக்கில் வராதவர்களைப் பற்றித்தான் நான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

வகுப்பு நடக்கவில்லை, பாடம் முடியவில்லை, தேர்வு குழம்பியது என்பதெல்லாம் எல்லா மாணவருக்கும் பொதுவான கதை. கிராமத்துச் சேரியிலிருந்து கலைக் கல்லூரிக்கு வந்த தலித் மாணவருக்கு அதற்கு மேலும் ஒன்று போனது. அது விடுதி. கல்லூரி மூடியதைப் பேசுகிறவர்கள் விடுதி மூடியதைப் பேசுவதில்லை. 'அது தங்கும் இடந்தானே' என்று நினைக்கிறார்கள்.

தங்கும் இடமாக மட்டும் அது எப்போதும் இருந்ததில்லை. சுவாமி சகஜானந்தர் 1916இல் சிதம்பரத்தில் நந்தனார் கல்விக் கழகத்தைத் தொடங்கியபோது, எழுத்துச் சொல்லிக் கொடுத்தால் மட்டும் போதாது, சோறும் படுக்க இடமும் வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. அம்பேத்கர் 1924இல் பகிஷ்கிருத ஹிதகாரிணி சபையை அமைத்தார். ஓராண்டு ஆவதற்குள், 1925 ஜனவரியில், அந்தச் சபை சோலாப்பூரில் தாழ்த்தப்பட்ட மாணவருக்கு ஒரு விடுதியைத் திறந்துவிட்டது. ஏன் அத்தனை அவசரம்? பட்டணத்தில் பள்ளிக்கூடம் இருக்கும். நம்ம பிள்ளைக்கு அங்கே வீடு கொடுப்பவன் இருக்கமாட்டான். சென்னை மாகாணத்தில் லேபர் டிபார்ட்மெண்ட் நடத்திய பள்ளிகளை 'லேபர் ஸ்கூல்' என்று எங்க தாத்தா காலத்து ஆட்கள் சொல்லுவார்கள். மெட்ரிக்குக்கு மேல் படிக்கிறவர்களுக்கான உதவித்தொகை, அம்பேத்கர் வைசிராயின் நிர்வாகக் குழுவில் இருந்த காலத்தில், 1944இல் தொடங்கியது. ஆக, பள்ளி, விடுதி, உதவித்தொகை மூன்றும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நின்ற கால்கள். ஒன்றை உருவினால் மற்ற இரண்டும் நிற்காது.

நான் எம்.ஏ. தமிழ் படித்தது அப்படி ஒரு ஆதிதிராவிடர் நல விடுதியில் இருந்துதான். நாலு பேர் அறையில் ஒன்பது பேர் கிடந்தோம். அதில் மூணு பேர் 'கெஸ்ட்'. படிப்பை முடித்துவிட்டு, பெயர் பதிவேட்டில் இல்லாமல், குரூப் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்த அண்ணன்கள். சோதனைக்கு அதிகாரி வந்தால் மொட்டை மாடிக்கு ஓடிவிடுவார்கள். அரசு இவர்களை 'வெளியாட்கள்' என்றது. எங்களுக்கு அவர்கள்தான் வாத்தியார்கள். விண்ணப்பம் எப்படிப் போடுவது, சாதிச் சான்றிதழ் எங்கே மாட்டும், எந்தப் பழைய வினாத்தாளைப் பார்க்க வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தது அவர்கள். சங்க இலக்கியத்தை நான் வகுப்பில் படித்தேன். சாதியைப் பற்றிப் படித்ததெல்லாம் அந்த மொட்டை மாடியில்தான்.

2020 மார்ச் 17இலிருந்து கல்வி நிறுவனங்கள் மூடப்படும் என்று தமிழக அரசு அதற்கு முதல் நாள் அறிவித்தது. மார்ச் 31 வரைக்குந்தான் என்றார்கள். 'பதினைஞ்சு நாளுதானே' என்று மாற்றுத்துணியை மட்டும் பையில் போட்டுக்கொண்டு பிள்ளைகள் பஸ் ஏறினார்கள். பெட்டியும் புத்தகமும் நோட்டும் விடுதியில். 24ஆம் தேதி 144, 25இலிருந்து நாடு முழுக்க ஊரடங்கு. பிறகு விடுதிகள் பல தனிமைப்படுத்தும் முகாம்களாயின. சென்னையில் அண்ணா பல்கலைக் கழக விடுதியையே மாநகராட்சி கேட்டது செய்தியாயிற்று. நான் அறிந்த ஒரு விடுதியில் பிள்ளைகளின் பெட்டிகளையெல்லாம் ஒரே அறையில் தூக்கிப் போட்டுப் பூட்டினார்கள். அந்த அறைக்கு மேல் ஒழுகும். இரண்டு மழைக்காலம் போனபின் திறந்தபோது, மூன்று வருஷமாகச் சேர்த்த குறிப்பு நோட்டெல்லாம் இட்லி மாவு மாதிரி ஊறிக் கிடந்தது.

'வீட்டிலேயே இருங்கள்' என்றது அரசு. எந்த வீட்டில்? தொகுப்பு வீடு ஒரே அறை. அதிலே அஞ்சு பேர், ஒரு டிவி, மழை வந்தால் இரண்டு ஆடு. தேசிய மாதிரி ஆய்வின் 75ஆவது சுற்று 2017-18இல் எடுத்த கணக்கு இருக்கிறது. இந்தியக் கிராமப்புறக் குடும்பங்களில் கணினி உள்ளவை 4.4 சதவீதம். இணைய வசதி உள்ளவை 14.9 சதவீதம். ஊர்க்காரர்களையும் சேர்த்துத்தான் இந்தக் கணக்கு. சேரிக்கு மட்டும் தனியாக எடுத்தால் எங்கே போய் நிற்கும் என்று தோழர்கள் ஊகித்துக்கொள்ளலாம்.

எங்க ஊரில் சேரி ஏரிக்குக் கீழே, தாழ்வில் இருக்கிறது. ஏன் தாழ்வில் இருக்கிறது என்பது ஒரு தனி வரலாறு. டவர் ஊருக்குள்ளே. சேரிக்குள் சிக்னல் ஒரு கோடுதான் காட்டும், அதுவும் வரும், போகும். எங்க சித்தப்பா மகன் பி.ஏ. இரண்டாம் ஆண்டு. வகுப்பு கேட்க ஊர்ப் பக்கத்து பஸ் ஸ்டாப் சிமெண்டுக் கட்டையில் போய் உட்காருவான். நாலாம் நாள் ஒருத்தர் வந்து, 'நோய்க் காலத்துல உங்க ஆளுங்க எதுக்குப்பா இங்க வந்து ஒக்கார்றீங்க' என்று கேட்டிருக்கிறார். அவரும் அதே கட்டையில் தினம் உட்காருகிறவர்தான். 'சமூக இடைவெளி' என்ற சொல்லை அரசு சுவரெல்லாம் எழுதிய காலம் அது. உலக சுகாதார நிறுவனம்கூட 2020 மார்ச்சிலேயே அந்தச் சொல் சரியில்லை, உடல் இடைவெளி என்போம் என்று மாற்றிக்கொண்டது. இங்கே பலருக்கு அந்தச் சொல் ரொம்பப் பிடித்துப்போயிற்று. புதுசாகக் கற்றுக்கொள்ள வேண்டியதில்லை அல்லவா!

அவன் அப்புறம் பஸ் ஸ்டாப்புக்குப் போகவில்லை. நூறு நாள் வேலைக்குப் போனான். அந்த ஆண்டு தமிழ்நாட்டில் அதற்கு நிர்ணயித்த கூலி 256 ரூபாய். நாடு முழுவதும் அத்திட்டத்தில் மிக அதிகமாக ஆள் வேலை பார்த்த ஆண்டு 2020-21. அந்தக் கூட்டத்தில் எத்தனை பேர் கல்லூரி மாணவர் என்று எந்தப் பதிவேடும் சொல்லாது. மண்வெட்டி பிடித்தவனை 'பயனாளி' என்று எழுதுவார்களே தவிர 'பி.ஏ. இரண்டாம் ஆண்டு' என்று எழுதமாட்டார்கள்.

நாள் ஒன்றுக்கு 2 ஜி.பி. டேட்டா இலவசம் என்று 9.69 லட்சம் மாணவர்களுக்கு அரசு அறிவித்தது 2021 ஜனவரியில். ஜனவரி முதல் ஏப்ரல் வரை நாலு மாசம். கல்லூரி மூடிப் பத்து மாசம் கழித்து! சிம் கார்டு வந்தது. போடுவதற்குப் போன்? ஒரு தாய் மகளிர் குழுவில் கடன் வாங்கிப் போன் வாங்கினாள். மூன்று பிள்ளைக்கு அந்த ஒரு போன். மூன்று பேருக்கும் காலை பத்து மணிக்கே வகுப்பு. மூத்தவள் பெண். யார் விட்டுக்கொடுத்திருப்பாள் என்று எழுத வேண்டுமா? 2021 வைகாசியில் அவளுக்குக் கல்யாணம். 'கூட்டம் சேர்க்கக் கூடாதாம், செலவு கம்மி, முடிச்சுடலாம்' என்றார்கள்.

தேர்வுக் கதையைக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். 2020 ஜூலை 23இல் இறுதியாண்டு தவிர்த்த மாணவருக்குப் பருவத்தேர்வு ரத்து என்று முதலமைச்சர் அறிவித்தார். ஆகஸ்ட் 26இல், கட்டணம் கட்டியிருந்தால் அரியர் தேர்வும் ரத்து என்றார். பையன்கள் அவரை வாழ்த்திப் பதாகை வைத்தார்கள். நாடே சிரித்தது. நான் சிரிக்கவில்லை. அரியர் யாரிடம் சேர்கிறது? பன்னிரண்டாவது வரை தமிழ் வழியில் படித்துவிட்டு, ஆங்கிலத் தாளில் மூன்று முறை விழுந்து எழும் முதல் தலைமுறைப் பிள்ளையிடம். 'தகுதி', 'தரம்' என்று அப்போது கூச்சல் போட்ட வாய்களை நாம் மண்டல் காலத்திலிருந்தே அறிவோம். வழக்கு உயர் நீதிமன்றம் போயிற்று. 2021இல், தேர்வு நடத்தத்தான் வேண்டும் என்றாயிற்று. கட்டணம் கட்டி, பாஸ் என்று நம்பி, புத்தகத்தை எடைக்குப் போட்டவன் திரும்பவும் வினாத்தாளைத் தேடினான்.

இறுதியாண்டுக்காரர்களுக்கு வேறு பாடு. பல்கலைக் கழக மானியக் குழு செப்டம்பருக்குள் தேர்வை முடி என்றது. உச்ச நீதிமன்றமும் ஆகஸ்ட் 28இல் அதை ஏற்றது. வீட்டிலிருந்தே எழுது, தாளைப் படமெடுத்து ஏற்று, இல்லாவிட்டால் தபாலில் அனுப்பு என்றார்கள். தாள் வாங்க, வினாத்தாள் எடுக்க, ஸ்கேன் போட என்று ஒவ்வொரு தேர்வுக்கும் ஜெராக்ஸ் கடைக்கு ஓடினார்கள். நம்ம பிள்ளைகளுக்குத் தேர்வு மையம் ஜெராக்ஸ் கடைதான்.

அப்படி வாங்கிய பட்டத்துக்கு என்ன மரியாதை கிடைத்தது? 2021 ஆகஸ்டில் ஒரு தனியார் வங்கியின் ஆள்சேர்ப்பு விளம்பரத்தில், அந்த ஆண்டு தேறியவர்கள் விண்ணப்பிக்கத் தகுதியில்லை என்றே அச்சாகி வந்தது. எதிர்ப்பு கிளம்பியதும் அச்சுப்பிழை என்றார்கள். மற்ற இடங்களில் அச்சடிக்காமலே அந்த விதி இருந்தது.

அரசு வேலையைப் பார்ப்போம். நமக்கு இட ஒதுக்கீடு உள்ள இடம் அதுதான். குரூப் 4 தேர்வு 2019 செப்டம்பர் 1இல் நடந்தது. அடுத்தது 2022 ஜூலை 24. குரூப் 2 முதனிலைத் தேர்வு 2018 நவம்பரில் ஒன்று, அடுத்தது 2022 மே மாதம். ரயில்வே குரூப் டி வேலைக்கு 2019இல் விண்ணப்பம் வாங்கி 2022 ஆகஸ்டில் தேர்வைத் தொடங்கினார்கள். ராணுவத்தில் இரண்டு வருஷம் ஆளே எடுக்கவில்லை. 2022 ஜூனில் எடுக்கிறோம் என்று வந்தபோது அது நாலு வருஷ வேலையாக மாறியிருந்தது. இதற்கிடையே, 2020 மே மாதம் தமிழக அரசு ஊழியர் ஓய்வு வயதை 58இலிருந்து 59 ஆக்கினார்கள், 2021 பிப்ரவரியில் 60. ஓய்வூதியப் பணம் கொடுக்கக் கஜானாவில் இல்லை என்பது எல்லோருக்கும் தெரிந்த ரகசியம். உள்ளே இருப்பவர் இரண்டு வருஷம் கூடுதலாக உட்கார்ந்தால், வாசலில் நிற்பவன் இரண்டு வருஷம் கூடுதலாக நிற்க வேண்டும். இதைத் தொழிற்சங்கத் தோழர்களிடம் சொன்னால் முகம் சுளிக்கிறார்கள். சுளிக்கட்டும்.

2021 செப்டம்பரில் அரசுப் பணிக்கான உச்ச வயதை இரண்டாண்டு உயர்த்தினார்கள். நல்லதுதான். பட்டம் படித்த தாழ்த்தப்பட்டவருக்குப் பல தேர்வுகளில் உச்ச வயதே இல்லையே, உங்களுக்கு என்ன குறை என்று ஒரு நண்பர் கேட்டார். வயது வரம்பு அரசாணையில் இல்லை. வீட்டில் இருக்கிறது. இருபத்தஞ்சு வயதுப் பையன் இன்னும் ஒரு வருஷம் படிக்கிறேன் என்று சொல்ல, அப்பனுக்கு ஓடுகிற உடம்பு வேண்டும். முன்பு அந்த ஒரு வருஷத்தை விடுதி கொடுத்தது, 'கெஸ்ட்' என்ற பெயரில். 2020இல் முதலில் துரத்தப்பட்டவர்கள் அந்த அண்ணன்கள்தான். விடுதி திறந்தபோது அவர்களைக் கூப்பிட யாருமில்லை. பதிவேட்டில் பெயர் இருந்தால்தானே கூப்பிடுவதற்கு?

2022 குரூப் 4க்கு இருபத்திரண்டு லட்சம் பேர் விண்ணப்பித்தார்கள். எங்க சேரியில் விண்ணப்பித்த சிலர் எழுதப் போகவில்லை. திருப்பூரில் ஷிப்ட் விடவில்லை, ஒரகடத்தில் காண்டிராக்ட் போய்விடும் என்றார்கள். சித்தப்பா மகன் எழுதினான். முடிவு வந்தது 2023 மார்ச்சில். அதற்குள் அவன் சென்டரிங் வேலைக்குப் போய் ஒரு வருஷம் ஆகியிருந்தது. போனில் முடிவைப் பார்த்துவிட்டு, 'இல்லண்ணா' என்று மட்டும் சொன்னான்.

உதவித்தொகையில் மத்திய அரசின் பங்கு சில ஆண்டுகளாகச் சுருங்கிக் கிடந்ததை 2020 டிசம்பரில் 60 சதவீதமாக்கினார்கள். 2025 ஜூலையில் தமிழக அரசு நல விடுதிகளுக்கெல்லாம் 'சமூகநீதி விடுதி' என்று பெயர் வைத்தது. பெயர் நன்றாக இருக்கிறது.

விடுதிச் சமையலம்மா ஒருவரிடம் பேசிக்கொண்டிருந்தேன். 'அரிசி அளக்குறவளுக்குத் தெரியாதா தம்பி, எத்தன பேரு வரலன்னு? போறப்ப அளந்த படி வேற, தொறந்தப்ப அளந்த படி வேற. எந்த ஆபீசரும் எங்கிட்ட கேக்கல' என்றார். ஒவ்வொரு விடுதியிலும் சாப்பாட்டுப் பதிவேடு இருக்கும், வருகைப் பதிவேடு இருக்கும். 2020 மார்ச் பக்கத்தையும் 2021 செப்டம்பர்ப் பக்கத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், படிப்பு முடித்துப் போனவர்களைக் கழித்துவிட்டு, திரும்பி வராதவர்கள் யாரென்று பெயரோடு கிடைக்கும். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய்க்குக் கேட்கலாம். கரையான் தின்பதற்குள், பழைய தாளென்று கழித்துக் கட்டுவதற்குள் கேட்க வேண்டும். எங்கள் மாவட்டத்தில் நானும் இரண்டு மாணவர்களும் மனு போட்டிருக்கிறோம். மற்ற மாவட்டத் தோழர்களும் போடுங்கள். பெயர்கள் கிடைத்தால் இந்த இதழ் முகவரிக்கு எழுதுங்கள். வீட்டுக்குப் போய்ப் பார்க்க ஆள் இருக்கிறோம்.