பளபள டைல்ஸ் வேண்டாமே... ஹோட்டல் கிச்சனுக்கு வழுக்காத தரையைத் தேர்வு செய்வது எப்படி?

கிளவுட் கிச்சன், மெஸ், டிபன் சென்டர்னு சொந்தமா ஏதாவது ஆரம்பிக்கணும்னு பிளான் பண்றீங்களா? பட்ஜெட் நோட்டில் அடுப்பு, கிரைண்டர், ஃப்ரிட்ஜ், பேக்கிங், ஆப் கமிஷன் என எல்லாவற்றுக்கும் கணக்கு இருக்கும். தரைக்கு மட்டும், 'இருக்கிற டைல்ஸே போதும்' என்று ஒரே வரியில் முடித்துவிடுவோம்.

வீட்டில் வழுக்கினால் பெரும்பாலும் அடிபடும். ஹோட்டல் கிச்சனில் வழுக்கினால், கையில் என்ன இருக்கிறது என்பதுதான் விஷயமே. இரண்டு பேர் தூக்கிப்போகும் சாம்பார் அண்டா, கொதிக்கும் எண்ணெய்ச் சட்டி, வடித்த கஞ்சி... ஒரு கால் சறுக்கினால் அது தீக்காயமாகிவிடும். 'பார்த்து நடக்கலை' என்று மாஸ்டர் மேல் பழி போடுவது சுலபம். ஆனால், பத்து மணி நேரம் நின்றபடி அவசரத்தில் வேலை செய்பவரால் ஒவ்வோர் அடியையும் பார்த்து வைக்க முடியாது. அவருக்காகத் தரைதான் கவனமாக இருக்க வேண்டும்.

ஏன் வழுக்குகிறது?

காலுக்கும் தரைக்கும் நடுவே திரவம் ஒரு மெல்லிய படலமாக நின்றுவிடுவதால்தான் வழுக்குகிறது. தரையில் இருக்கும் நுண்ணிய சொரசொரப்பு அந்தப் படலத்தைக் குத்திக்கொண்டு மேலே வந்தால் பிடிப்பு கிடைக்கும், வராவிட்டால் சறுக்கல்தான்.

திரவம் எவ்வளவு கெட்டியோ, அவ்வளவு அதிக சொரசொரப்பு தேவை. பிரிட்டனின் பணியிடப் பாதுகாப்பு அமைப்பு தரும் வழிகாட்டுதலின்படி, தண்ணீர் மட்டும் சிந்தும் தரைக்குச் சுமார் 20 மைக்ரான் சொரசொரப்பு போதும். பால் சிந்தினால் 45, ஆலிவ் ஆயில் சிந்தினால் 70 மைக்ரான் வேண்டும். ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு.

'பாத்ரூமுக்குப் போடுற ஆன்டி-ஸ்கிட் டைல்ஸையே போட்டுடலாமே?' என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில். அது தண்ணீருக்கானது. நம் கிச்சனில் சிந்துவது எண்ணெய், நெய், உளுந்தின் வழவழப்பு சேர்ந்த தோசை மாவு.

ஆர்9 என்றால் பத்துக்கு ஒன்பது மார்க்கா?

டைல்ஸ் பெட்டியில் ஆர்9, ஆர்10, ஆர்11 என்று அச்சிட்டிருப்பார்கள். டி.ஐ.என். 51130 என்ற ஜெர்மன் சோதனை முறையிலிருந்து வந்த ரேட்டிங் இது. சாய்வுப் பலகையில் டைல்ஸ் பதித்து, மேலே எண்ணெய் பூசி, பாதுகாப்பு பெல்ட் கட்டிய ஒருவரை நடக்க வைப்பார்கள். பலகையின் சாய்வைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, எந்தக் கோணம் வரை அவரால் வழுக்காமல் நடக்க முடிகிறது என்று பார்ப்பார்கள்.

* ஆர்9: 6 முதல் 10 டிகிரி
* ஆர்10: 10 முதல் 19 டிகிரி
* ஆர்11: 19 முதல் 27 டிகிரி
* ஆர்12: 27 முதல் 35 டிகிரி
* ஆர்13: 35 டிகிரிக்கு மேல்

கவனிக்க வேண்டியது, இந்த அளவுகோல் தொடங்குவதே 9-ல்தான். அதாவது ஆர்9 என்பது கடைசி ரேங்க். ஹோட்டல் கிச்சனுக்குக் குறைந்தது ஆர்11 கேளுங்கள். எண்ணெய்ச் சட்டி, பாத்திரம் கழுவும் பகுதிகளுக்கு ஆர்12 நல்லது.

கூடவே வி4, வி6 என்று ஒரு குறியீடு இருந்தால் இன்னும் சிறப்பு. சிந்திய திரவம் காலுக்கு அடியில் தேங்காமல் வழிந்து இறங்க, டைல்ஸின் மேற்பரப்பில் எவ்வளவு பள்ளம் இருக்கிறது என்பதை அது சொல்லும்.

பெண்டுலம் டெஸ்ட் ரிப்போர்ட் கொடுத்தால், ஈரத்தில் எடுத்த மதிப்பு 36 அல்லது அதற்கு மேல் இருக்கிறதா என்று பாருங்கள். 24-ம் அதற்குக் கீழும் என்றால் வழுக்கும் அபாயம் அதிகம்.

எந்தத் தரை, யாருக்கு?

சொரசொரப்பான ஃபுல் பாடி டைல்ஸ், குவாரி டைல்ஸ்: பளபளப்புப் பூச்சு இல்லாதவை. சிறு, நடுத்தர ஹோட்டல்களுக்கு நல்ல சாய்ஸ். இணைப்புகளில் சாதாரண சிமென்ட் வேண்டாம். புளி, எலுமிச்சை, எண்ணெய் எல்லாம் ஊறி அரித்துவிடும். எப்பாக்ஸி கிரவுட் கேளுங்கள்.

கோட்டா, கடப்பா கல்: விலை குறைவு, உழைக்கும். ஆனால் பாலிஷ் போட்டால் ஈரத்தில் வழுக்கும். இரண்டுமே சுண்ணாம்புக்கல் வகை என்பதால், புளித்த மாவும் ஆசிட் கிளீனரும் அரிக்கும். ஆட்கள் நடந்து நடந்து வழவழப்பாகும் இடங்களை அவ்வப்போது மீண்டும் சொரசொரப்பாக்க வேண்டும்.

பி.யு. கான்கிரீட்: இணைப்பே இல்லாமல் 6 முதல் 9 மி.மீ. கனத்தில் பூசுவது. சூடான தண்ணீரையும் தாங்கும். பெரிய கிச்சன்களுக்கும் கேட்டரிங் யூனிட்களுக்கும் ஏற்றது. செலவு அதிகம், அனுபவமுள்ள ஆட்கள்தான் போட வேண்டும். இதற்குப் பதிலாக விலை குறைவு என்று சாதாரண எப்பாக்ஸி கோட்டிங் போட்டுவிடாதீர்கள். கொதிக்கும் கஞ்சித் தண்ணீர் விழும் இடத்தில் அது தாக்குப்பிடிக்காது.

வாடகை இடம், தரையை உடைக்க முடியாது என்றால்: எண்ணெய் தாங்கும் நைட்ரைல் ரப்பர் மேட், அதுவும் துளையுள்ளது வாங்குங்கள். ஓரம் சரிவாக இருக்க வேண்டும். மடங்கிக்கொண்டு நிற்கும் மேட், தடுக்கி விழவைக்கும். தினமும் தூக்கிக் கழுவ முடிகிற எடையில் இருப்பது முக்கியம்.

கடையிலேயே ஒரு சின்ன டெஸ்ட்

சாம்பிள் டைல்ஸ் இரண்டை வாங்கி மேஜையில் வையுங்கள். மேலே கொஞ்சம் தண்ணீர், சில சொட்டு எண்ணெய் விடுங்கள். ஊழியர்கள் போடும் செருப்பைக் கையில் பிடித்து அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். எது பிடிக்கிறது, எது நழுவுகிறது என்று தெரிந்துவிடும். அதன் மேல் ஏறி நின்று பார்க்க வேண்டாம்! இது ஒப்பிடுவதற்கான வழி மட்டுமே, ரேட்டிங்குக்குப் பதிலாகாது.

சரிவு சரியா இருக்கா?

எவ்வளவு நல்ல டைல்ஸ் போட்டாலும் தண்ணீர் தேங்கினால் வீண். ஒரு மீட்டருக்கு ஒரு சென்டிமீட்டர் அளவுக்காவது வடிகாலை நோக்கிச் சரிவு இருக்கட்டும். உணவுப் பாதுகாப்பு விதிகளும் தரையில் நீர் வடியச் சரிவு வேண்டும் என்கின்றன. வடியும் திசை, சமையல் வேலை நகரும் திசைக்கு எதிராக இருக்க வேண்டும் என்றும் சொல்கின்றன. கழிவு நீர், சமைத்த உணவின் பக்கம் வரக் கூடாது என்பதற்காகத்தான்.

துடைக்கும் விதமும் முக்கியம்

சொரசொரப்பான தரையை மாப் போட்டுத் துடைத்தால், எண்ணெய் பள்ளங்களில் போய் உட்கார்ந்துகொள்ளும். கொஞ்ச நாளில் ஆர்12 டைல்ஸும் வழுக்கும். சரியான முறை இதுதான்:

1. சிந்திய எண்ணெயை உடனே பேப்பரால் ஒற்றி எடுங்கள்.
2. டிகிரீசர் கலந்த வெந்நீரை ஊற்றிச் சில நிமிடங்கள் ஊறவிடுங்கள்.
3. நீளக் கைப்பிடி உள்ள முரட்டு பிரஷ்ஷால் தேயுங்கள்.
4. நல்ல தண்ணீரில் அலசுங்கள். சோப்பு மிச்சம் இருந்தால் அதுவே வழுக்கும்.
5. வைப்பரால் தள்ளி, காய்ந்த பிறகே ஆட்களை நடக்க விடுங்கள்.

அப்புறம், செருப்பு. பல கிச்சன்களில் மாஸ்டர்கள் வெறுங்காலுடனோ தேய்ந்த ரப்பர் செருப்புடனோதான் நிற்கிறார்கள். எண்ணெயில் வழுக்காத, கால்விரல் மூடிய ஷூவை ஓனரே வாங்கிக் கொடுப்பது நல்லது. 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்தால் இ.எஸ்.ஐ. பதிவையும் மறக்க வேண்டாம்.

கடைசியாக ஒன்று. மேஸ்திரிக்கு முழுப் பணத்தையும் கொடுப்பதற்கு முன், கிச்சனின் நாலு மூலையிலும் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். அஞ்சு நிமிஷம் கழித்தும் எங்கே தேங்கி நிற்கிறதோ, அந்த இடத்தைச் சரிசெய்யச் சொல்லுங்கள். அடுப்பு, கிரைண்டர் எல்லாம் உள்ளே வந்த பிறகு அந்தத் தரையைத் தொடவே முடியாது.