ஜாம் போத்தல் விளக்கும் போன் வெளிச்சமும்

 

போன கிழமை குறிகட்டுவானில் வள்ளத்துக்குக் காத்து நின்றபோது, என்னிடம் படிக்கும் ஒரு பிள்ளையின் தகப்பனாரைக் கண்டேன். மகனுக்குப் பின்னேரமானால் கண் எரிவு, தலையிடி. இரவில் போன் பார்ப்பதைக் குறையுங்கள் என்றேன்.

"சேர், நாங்கள் ஜாம் போத்தல் விளக்கில படிச்சனாங்கள். எங்கட கண்ணுக்கு என்ன நடந்தது?"

நியாயமான கேள்வி. வள்ளம் வந்துவிட்டதால் பதிலை இங்கே எழுதுகிறேன்.

1990 இல் யுத்தம் மறுபடி மூண்டதும் யாழ்ப்பாணத்துக்கு மின்சாரம் நின்றது. பொருளாதாரத் தடையில் மண்ணெண்ணெய் கிடைப்பதே அரிதானது. ஜாம் போத்தலின் அடியில் பஞ்சு, அது நனையும் அளவுக்கு எண்ணெய், ஒரு சின்னத் திரி. அந்த வெளிச்சத்தில் ஒரு தலைமுறை படித்தது. அதே ஆண்டு ஒக்ரோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட எங்கள் பிள்ளைகள் புத்தளத்துக் கிடுகுக் கொட்டில்களில் குப்பி விளக்கில் படித்தார்கள். நானும் அப்படிப் படித்தவன்தான்.

கண் நோகவில்லையா? நொந்தது. புகையில் கண்ணீரும் வந்தது. ஆனால் எண்ணெயை மிச்சம் பிடிக்க உம்மா விளக்கை அணைத்துவிடுவா. புத்தகத்தை மூடிவிட்டுப் படுப்போம். போனுக்கு அப்படி ஒரு முடிவு இல்லை.

வெளிச்சம் கண்ணை வருத்தும் என்பது பழைய அறிவு. கண்ணிலிருந்து கதிர் புறப்பட்டுப் பொருளைத் தொடுகிறது என்று யூக்ளிட்டும் தொலமியும் எழுதினார்கள். பஸ்றாவில் பிறந்த இப்னு அல்-ஹைதம் அதை மறுத்தார். சூரியனைப் பார்த்தால் கண் நோகிறதே, அப்படியானால் ஒளிதான் வெளியிலிருந்து வந்து கண்ணைத் தாக்குகிறது என்றார். 1011 க்கும் 1021 க்கும் இடையில் எழுதியதாகக் கருதப்படும் 'கிதாபுல் மனாழிர்' நூலில் இது இருக்கிறது.

1700 இல் இத்தாலிய வைத்தியர் ரமஸ்ஸினி தொழிலாளரின் நோய்கள் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். நுண்ணிய வேலை செய்வோரின் கண்கள் கெடுவதைக் கண்டு, இடைக்கிடை வேலையை வைத்துவிட்டுப் பார்வையை வேறுபக்கம் திருப்பச் சொன்னார்.

இன்றைய கண் வைத்தியர்கள் சொல்வதும் கிட்டத்தட்ட அதுதான். 20 நிமிடத்துக்கு ஒருமுறை, 20 அடிக்கு அப்பால், 20 விநாடி பாருங்கள். கிட்டப் பார்க்கும்போது கண்ணுக்குள் இருக்கும் சிறு தசை இறுகியே நிற்கிறது. தூரம் பார்த்தால்தான் தளரும். சாதாரணமாக நிமிடத்துக்குச் சுமார் 15 தடவை இமைக்கிறோம். திரை பார்க்கும்போது அது பாதியாகவோ அதிலும் குறைவாகவோ ஆகிறது. கண் காய்ந்து எரிவது அதனால்தான்.

இந்தக் களைப்பு பார்வையைப் பறிக்காது. ஆனால் கண் எரியும் பிள்ளைக்குப் பாடம் ஏறாது. 2020 மார்ச்சில் பாடசாலைகளை மூடியபோது நாங்கள்தான் படிப்புக்கென்று போனைக் கையில் கொடுத்தோம். இடையில் நிறுத்தப் பழக்கவில்லை.

அண்ணர், உங்கள் மகனுக்குப் போன் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. இடைக்கிடை வாங்கி வைத்துவிட்டு அவனைக் கடற்கரைக்கு அனுப்புங்கள். தூரம் பார்ப்பதற்கு எங்கள் தீவுகளில் என்ன குறை?

அல்லாஹ் எங்கள் பிள்ளைகளின் பார்வையைப் பாதுகாப்பானாக.