ஹெட்போன் தேர்வு (டிஜே, இசைத் தயாரிப்பு)

டிஜேக்கும் இசைத் தயாரிப்பாளருக்கும் ஒரே ஹெட்போன் பொருந்துவது அரிது. மேடையில் ஸ்பீக்கர் அதிரும்போது அடுத்த பாட்டை ஒரு காதில் ஒத்துப் பார்க்க மூடிய வகையே உதவும். 1988இல் வந்த சென்ஹைசர் எச்டி 25 இதற்குப் பெயர்பெற்றது. எடை சுமார் 140 கிராம், பாகங்களைத் தனித்தனியே மாற்றலாம். மிக்ஸிங்குக்குத் திறந்த வகை நல்லது; சென்ஹைசரின் 300 ஓம் எச்டி 600ஐ ஆம்ப் வழியாகக் கேட்பதே முறை.

விழுப்புரம் மாவட்டத்து மரக்காணம் உப்பளக் கரையில், கிழக்குக் கடற்கரைச் சாலை விழாக்களில் வாசிப்பவர் முதலில் பார்க்க வேண்டியது, கழற்றி மாற்றக்கூடிய கேபிள்தான் (ஒலித்தரம்கூட அடுத்தபடிதான்). உப்பு ஈரத்தை இழுக்கும். பிளக்கில் முலாம் தேய்ந்த இடம் பச்சை பூக்கும், ஒரு பக்கம் கரகரக்கும். நிகழ்ச்சி முடிந்ததும் பிளக்கையும் காதுமெத்தையையும் உலர்ந்த துணியால் துடைத்து, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு மூடிய டப்பாவில் வைக்க வேண்டும்.